உறையாத தெரு

வண்டிப்பேட்டைத் தெருவில் முட்டை வேகாமல் போனது ஒரு புதன்கிழமை காலையில். நாமக்கல்லில் முட்டை வேகவில்லை என்பது கடலோரத்தில் உப்புக் கரிக்கவில்லை என்பதைப் போல. ஆனாலும் அந்தத் தெருவின் பதினேழு வீடுகளில் பதினோரு வீடுகளில், கால் மணி கொதித்தும் அரை மணி கொதித்தும், தண்ணீர் சுண்டிச் சட்டியின் அடி கறுத்தும், உடைத்துப் பார்த்தால் கோழி இப்போதுதான் இட்டுவிட்டு எழுந்து போனதுபோல வெள்ளையும் மஞ்சளும் வழிந்தோடின. தெருவின் நடுவில் ஆம்லெட் வண்டி போட்டிருந்த பிச்சாண்டியின் தோசைக்கல்லில், ஊற்றிய முட்டை சூடான எண்ணெயில் கண்ணாடிபோலக் கிடந்து அவனைப் பார்த்தது. அவன் முதலில் கல்லைக் குற்றம் சொன்னான், பிறகு அடுப்பை, பிறகு மைத்துனனை. மறுநாள் வண்டியைத் தெருக்கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனான், அங்கே முட்டை மரியாதையாக வெந்தது, அங்கேயே நின்றுகொண்டான்.

அன்று சாயங்காலம் ஊற்றிய உறைமோரும் பாலை உறைய வைக்கவில்லை. காலையில் மூடியைத் திறந்தால் பால் பாலாகவே இருந்தது, கொஞ்சம் புளித்துப்போய், கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல. பெண்கள் பால்காரரைச் சந்தேகப்பட்டார்கள், பால்காரர் மாட்டைச் சந்தேகப்பட்டார். கீழே விழுந்து முட்டியில் சிராய்த்துக்கொண்டவர்களுக்கு ரத்தம் மட்டும் வழக்கம்போல உறைந்தது. அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை; ஒரு தெருவுக்கு ஒரு சமயத்தில் ஒரு கேள்விதான் தாங்கும்.

மூன்றாம் நாள், பதினோராம் நம்பர் ராக்கியண்ணன், ஆறு வருடமாகத் தன் மகனைப் பார்த்து "நீங்க எந்த ஊருங்க?" என்று விசாரித்துக்கொண்டிருந்தவர், "ஏன்டா, சலூனுக்குப் போக நேரமில்லையா?" என்று அதட்டினார், ஐம்பது வயது மகன் வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதான். தையற்காரர் அன்வர், கை நடுக்கத்தால் மூன்று வருடமாக ஊசியைத் தொடாதவர், ஊசிக் காதில் ஒரே முறையில் நூலைக் கோத்துவிட்டு, பயந்துபோய் உருவிவிட்டு, மறுபடியும் கோத்தார். எட்டாம் நம்பர் வீட்டில், ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் செங்கோடன், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி, "பருவதம், பேப்பர் எங்கே?" என்றார்.

பருவதம் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். நான்கு வருடமாக அந்த மனிதர் தன் மனைவியின் பெயரைச் சொன்னதில்லை.

காரணம், அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாள் ஆறாம் நம்பருக்குக் குடிவந்த பெண்தான் என்று கண்டுபிடிக்கத் தெருவுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவள் கடைவீதிக்குப் போன நேரத்தில் முட்டைகள் வெந்தன, ராக்கியண்ணன் மகனிடம் ஊர் கேட்டார். அவள் பையோடு திரும்பித் தெருவுக்குள் கால் வைத்ததும் வேகிற முட்டை நின்றுபோனது, அவர் மறுபடியும் மகனின் தலைமுடியில் வந்து நின்றார். பெண்கள் கூடிப் பேசினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைப்பதற்கு முன்பாக (விளக்கு வைத்த பிறகு உறைமோரை வீட்டைவிட்டு வெளியே கொடுப்பது அந்தத் தெருவில் கிடையாது), எல்லா வீட்டிலும் வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று என்று மூன்று டம்ளர் பாலில் உறை ஊற்றி வைத்தார்கள். சனிக்கிழமை காலையில் எழுந்ததும் எது உறைந்தது, எது உறையவில்லை என்று வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு போய், சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்தார்கள். கோடு வட்டமாக வந்தது. வட்டத்தின் நடுவில் ஆறாம் நம்பர் இருந்தது.

அங்கே குடியிருந்தவளுக்கு அறுபத்தாறு வயது. நாகர்கோவில்காரி, கல்யாணம் செய்துகொள்ளாதவள், கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான்கு பெட்டி நிறையக் கண்ணாடிக் குழாய்களோடு வந்திருந்தாள். வேலை பார்த்ததெல்லாம் முட்டையின் வெள்ளைக்கருவில்தான், அதனால் முட்டை புதிதாகக் கிடைக்கிற ஊரில் மிச்ச நாளைக் கழிக்கலாமென்று வந்தேன் என்று சொன்னாள். எதிர்வரிசையில் எட்டாம் நம்பர் வாசலில் நின்று, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு, அவள் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது, பருவதத்துக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்.

"எம் பேரு மேபல்."

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பெயரைப் பருவதம் தன் சமையலறையில் கேட்டிருக்கிறாள். அடுப்புக்கு முன்னால் நின்று தாளித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து வந்த செங்கோடன், முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் ஒரு நாளும் செய்யாததைச் செய்தார்: அவள் தோளில் கை வைத்தார். "மேபல்," என்றார். மெதுவாக, உதட்டில் சூடு பட்டுவிடும் என்பதுபோல. அதற்குப் பிறகு தினமும் சொன்னார். அது யார் என்று பருவதம் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாள், பதில் வந்ததில்லை. கடைசியில் மேபல் என்பது ஓர் ஆள் இல்லை, நோயின் பெயர் என்றே அவள் முடிவு செய்துவிட்டாள். இப்போது நோய் வாசலில் நின்று, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டது.

தெரு இந்த அதிசயத்தை, பக்கத்துக் காலி மனையில் யாரோ கட்டிவிட்ட எருமையை ஏற்றுக்கொள்வதுபோல, முனகிக்கொண்டே ஏற்றுக்கொண்டது. முட்டைப் பொரியல், கேக், ஆம்லெட் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயின. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேபல் சர்ச்சுக்குப் போகிற இரண்டு மணி நேரம் பெரியவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் மறந்துபோவார்கள் என்பதால், அந்த இரண்டு மணி நேரத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் எங்கும் போகாமல் இருந்தார்கள். மாமனாரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மருமகள்களைத் தெரு முழுக்கப் பார்க்கலாம். பிறகு அந்தச் சங்கடத்தைக் கேள்விப்பட்டுப் பாதிரியாரே வாரம் ஒரு முறை மேபல் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார், ராக்கியண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து, தான் முருகனைக் கும்பிடுகிறவன் என்பதையும் மறக்காமல், ஆமென் சொன்னார்.

தயிருக்கு வழி பருவதத்தின் வீட்டில் கிடைத்தது. சுண்ணாம்புக் கோடு அவள் வீட்டை இரண்டாக வகுத்துக்கொண்டு போனது: கூடத்தைத் தாண்டிச் சமையலறை நிலைப்படி வரைக்கும் வட்டத்துக்குள், நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வெளியே. அந்தச் சமையலறைக்குப் பின்சந்தில் ஒரு வாசல் இருந்தது. பதினோரு வீட்டுப் பாலும் சாயங்காலம் அங்கே வந்து சேர்ந்தது, மூடியில் வீட்டு நம்பரைப் பொட்டாக வைத்துக்கொண்டு. மறுநாள் மதியம் பெண்கள் வந்து அவரவர் தயிரை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஓடத்தான் வேண்டும், ஏனென்றால் கோட்டுக்குள் கொண்டுபோன தயிர் அரை மணியில் நெகிழ்ந்து மறுபடி பாலாகிவிடும். அதனால் வண்டிப்பேட்டைத் தெருவில் மட்டும் முதலில் தயிர் சாதம், அப்புறம் ரசம், கடைசியில் சாம்பார் என்று சாப்பிட ஆரம்பித்தார்கள். வெளியூரிலிருந்து வந்த சம்பந்திகள் கோபித்துக்கொண்டார்கள்.

தயிருக்கு அரை மணி. செங்கோடனுக்கு ஒரு மூச்சு போதும்.

கூடத்தில் அவர் தெளிவாக இருந்தார். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார், பேரனின் பரீட்சை தேதியைக் கேட்டார், காபியில் சர்க்கரை கூடிவிட்டது என்றார். பருவதத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், நாற்பத்தொரு வருடமாக எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே: வருகைப் பதிவேட்டில் பெயர் படிப்பதுபோல. சாயங்காலங்களில் மேபல் வாசல்வரை வந்து நிற்பாள். இருவரும் வெள்ளைக்கருவைப் பற்றியும், அமிலத்தைப் பற்றியும், பருவதத்துக்குப் புரியாத, நீளமான, வாலுள்ள பெயர்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். அதில் ஒரு வார்த்தைகூட ஒழுங்கீனமில்லை. ஒழுங்கீனம் இருந்திருந்தால் பருவதம் பிடித்துக்கொள்ள ஒரு பிடி கிடைத்திருக்கும். அவர் அந்தப் பெயர்களைச் சொல்லும்போது நாக்கில் வெல்லக்கட்டி இருப்பதுபோல முகம் ஆகிறதே, அதை எந்தப் பஞ்சாயத்தில் கொண்டுபோய் வைப்பது?

நிலைப்படியைத் தாண்டிச் சமையலறைக்கு வந்தால் அவர் வேறு ஆள். அங்கே அவருக்குத் தேதி தெரியாது, பேரன் தெரியாது, பருவதம் தெரியாது. அடுப்பு மேடை ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். கல்யாணமான மறுவருடம் கஞ்சி கொட்டி வெந்துபோன தழும்பு, அதை அந்த வீட்டில் இதுவரை யாரும் பார்த்ததில்லை. "எரியுதா மேபல்?" என்று கேட்டு அதன்மேல் ஊதினார்.  தன் கையைப் பார்த்துத் தானே பொறாமைப்படுகிற ஒரு பெண் உலகத்தில் வேறு எங்காவது இருப்பாளா என்று பருவதம் நினைத்தாள். நினைத்துக்கொண்டே, கையை எடுக்காமல் நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததை யாரிடமும் சொல்லவில்லை. தினமும் மதியம் தயிர்க்காரிகள் போன பிறகு, நாலு மணிக்கு, கூடத்துக்குப் போய், "வாங்க, ஒரு டப்பாவைத் திறந்து குடுங்க" என்பாள். அல்லது பல்லி என்பாள். அல்லது சும்மா கையைப் பிடிப்பாள். அவரை நிலைப்படி தாண்டிக் கூட்டிக்கொண்டு வருவாள். ஒரு மணி நேரம் மேபலாக இருப்பாள். ஆனால் அவர் கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டாள். அந்தப் பெயருக்கு ஒரு "ம்" கொட்டுவதற்குக்கூட அவள் உடம்பு வளையவில்லை. திருடினாலும் திருடின நகையைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்பதுபோல ஒரு கௌரவம். பிறகு கையைப் பிடித்துக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாள், அவர் கண்ணைக் கொட்டிவிட்டு, "பருவதம், மணி அஞ்சாயிடுச்சா?" என்பார்.

ஒரு நாள் ஜெபம் முடிந்த பிறகு பெண்கள் மேபலின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். தையற்காரர் அன்வரின் மனைவி ஜமீலாதான் கேட்டாள்.

"ஏங்க்கா, உங்க கிட்ட அப்படி என்னதான் இருக்கு? எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்."

"எங்கிட்ட என்ன இருக்கு? வயசுதான் இருக்கு," என்று மேபல் சிரித்தாள். "உடம்புக்குள்ள புரதம் புரதம்னு சொல்லுவாங்கல்லா, அது நூல்கண்டு மாதிரி. ஒழுங்கா சுத்தி இருக்கிற வரைக்கும் அதது வேலையை அதது பாக்கும். சூடு பட்டா, வயசானா, கண்டு அவுந்துரும். அவுந்தது சும்மா கிடக்காது, பக்கத்துல இருக்கிறதைப் போய்ப் பிடிச்சுக்கிடும். அது இன்னொண்ணைப் பிடிக்கும். அப்படியே கட்டி தட்டிரும். முட்டை வேகுறது அதுதான். மண்டைக்குள்ள நடந்துச்சுன்னா மறதி. இல்லாட்டி உங்க வீட்டுக்காரருக்கு வந்த நடுக்கம்."

"சரி, நீங்க அதுக்கு என்ன பண்ணுனீங்க?"

"நாப்பது வருசமும் சின்னச் சின்ன மூலக்கூறா செஞ்சு பாத்தேன். புரதத்துக்குப் பக்கத்துல வச்சா யானைகிட்ட எறும்பு நிக்கிற மாதிரி. அந்தப் பொடிசு போயி, ரெண்டும் சரியா ஒட்டப்போற இடம் இருக்கு பாருங்க, அந்த இடுக்குல உக்காந்துக்கிடும். அம்புட்டுத்தான். பெரிய ஆளு ரெண்டு பேரு ஒட்டாம இருக்க, நடுவுல சின்ன ஆளு ஒண்ணு போதும்."

"எங்க மாமியார் மூலக்கூறுதான்க்கா!" என்றாள் ஜமீலா. படி முழுவதும் சிரித்தது.

பருவதம் சிரிக்கவில்லை. "அது எங்களுக்கு நீங்க சொல்லித்தான் தெரியணுமாக்கும்," என்று எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். மேபல் அவளை நிமிர்ந்து பார்த்தாள். மற்றவர்கள் அதையும் மாமியார் கணக்கில் சேர்த்து இன்னொரு முறை சிரித்தார்கள்.

மேபலின் மூலக்கூறுகள் நாற்பது வருடமும் கண்ணாடிக் குழாயில் பலித்தன, எலியிடம் பலிக்கவில்லை, மனிதர்கள்வரை போகவே இல்லை; ஓய்வு பெற்ற பிறகு, ஒரு வாடகை வீட்டில், கேட்காமலே, அவள் மூச்சு விடுகிற தூரமெல்லாம் பலித்தன. ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஆறாம் நம்பரின் சொந்தக்காரர் சின்னராசு முட்டை மொத்த வியாபாரி. அவருடைய கிடங்கு கோட்டுக்கு நாலடி உள்ளே இருந்தது. கிடங்கைவிட்டுப் போன முட்டைகள் போன இடத்தில் நன்றாகத்தான் வெந்தன. ஆனால் வேகாத முட்டைக்காரர் என்று சந்தையில் ஒரு பெயர் வந்துவிட்டால் அது எந்தக் கோட்டுக்கும் கட்டுப்படாது. அவர் வீட்டில் மறந்துபோனவர்களும் இல்லை, நடுங்குகிறவர்களும் இல்லை. ஒரு நாள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மரியாதையாக நின்று, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிக் குடுத்துருங்க" என்றார்.

மேபல் தங்கை வீட்டுக்கு, நாகர்கோவிலுக்கே போய்விடுகிறேன் என்றாள். தெரு கூடி வீடு தேடியது. வேறு வீடு வேண்டும், இதே தெருவில் வேண்டும். ஒன்றுதான் காலியாக இருந்தது: பருவதத்தின் அம்மா அவள் பெயருக்கு எழுதிவைத்த ஒற்றைக் கட்டு வீடு. பின்சந்தில், பருவதத்தின் சமையலறையோடு ஒரே சுவர். மேபல் அங்கே வந்தால் கோடு நகரும், தெருவோடு பின்சந்தும் உள்ளே வரும். சமையலறை வட்டத்தின் நடுவுக்கே வந்துவிடும்.

"அதுக்கு ஆள் பேசி வெச்சிருக்குது," என்றாள் பருவதம்.

ஆள் யாரும் பேசி வைக்கவில்லை என்பது தெருவுக்குத் தெரியும். மூன்று நாள் பொறுத்துவிட்டு, ஒரு விடியற்காலையில் ஜமீலா வந்தாள். சமையலறையில் தயிர்ப் பாத்திரங்களுக்கு நடுவே நின்றாள்.

"தயிருக்காகத்தானேக்கா யோசிக்கிறீங்க? தயிரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிச்சாண்டி வீட்ல உறை ஊத்திக்கலாம்."

"தயிருக்கு இல்ல."

"பின்னே? அவரு நேத்து எனக்கு ஜாக்கெட் தைச்சுக் குடுத்தாருக்கா. மூணு வருஷமா டம்ளரைப் பிடிக்க முடியாத மனுஷன். கை அளவு கொஞ்சம் பெருசுதான், நான் சொல்லலை." குரல் உடைந்தது, உடைந்ததை மறைக்க அவள் கோபப்பட்டாள். "உங்க வீட்டுக்காரரு பாதி வீட்ல மட்டும் நல்லா இருந்தாப் போதும்னு நினைக்கிறீங்களா? எனக்கு அப்படி விட மனசு வராது, தெரிஞ்சுக்கங்க."

 பருவதத்திடம் இருந்த காரணம் பெண்பிள்ளை வாயால் சொல்கிற மாதிரி இல்லை. ஜமீலா தன் பாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தயிர் உறைவதற்கு முன்பே, பாலாகவே கொண்டுபோனாள்.

அன்று நாலு மணிக்குப் பருவதம் கூடத்துக்குப் போனாள். செங்கோடன் பேப்பரை மடித்து வைத்தார்.

"பருவதம், அந்தப் பக்கம் போனா எனக்கு என்ன ஆகுது? நாலு மணி இருந்தது தெரியுது, அஞ்சு மணி இருக்கிறது தெரியுது. நடுவுல ஒண்ணும் இல்ல."

"ஸ்டூல்ல உக்காந்து தூங்கிப் போயிடறீங்க."

"தூக்கம்னா கனவாவது இருக்கும்," என்றார். ஆனாலும் அவள் கையை நீட்டியபோது எழுந்தார். நாற்பத்தொரு வருடமாக அவள் கேட்டதை மறுத்துப் பழக்கமில்லாதவர், கொடுத்துப் பழக்கமில்லாதவர் என்பதைப் போலவே. நிலைப்படியில் ஒரு கணம் அவருடைய இடது கை நிலைச்சட்டத்தைப் பிடித்தது. பருவதம் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இன்னொரு கையை மெதுவாக இழுத்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்த முகமாக இருந்தார். பிறகு சட்டைப்பையில் ஏதோ குத்துகிறது என்று கைவிட்டு, நாள்காட்டியிலிருந்து கிழித்த ஒரு தாளை எடுத்தார். பின்பக்கம் அவருடைய கையெழுத்து, கரும்பலகையில் எழுதுவதுபோலத் தெளிவான எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"சமையலறைக்குள் போகாதே. அங்கே நீ இருக்க மாட்டாய்."

இன்னொரு முறை படித்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். அவளிடம் நீட்டினார்.

"மேபல், இது யாரு எழுதினது? பாவம், யாரோ ரொம்பப் பயந்திருக்காங்க."

பருவதம் அந்தத் தாளை வாங்கினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கவனித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, அவரைக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். அவர் முதல் காரியமாகச் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார், தாள் இல்லை என்று தெரிந்துகொண்டார், அவளைப் பார்த்தார்.  

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பாக அவள் சாவியோடு ஆறாம் நம்பருக்குப் போனாள். மேபல் பழைய செய்தித்தாளில் கண்ணாடிக் குழாய்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் பருவதம் நின்றபடியே. "அவரு இங்கதான் இருக்காருன்னு தெரிஞ்சு வந்தீங்களா?"

"இல்ல. சத்தியமா முட்டைக்காகத்தான் வந்தேன். உங்க வாசல்ல நின்னு அவரை அந்த நாற்காலியில பாத்தபொறவு, பெட்டியைப் பிரிக்கவா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்."

"கோயம்புத்தூர்ல..."

"ரெண்டு வருசம் ஒரே மேசை. எதிரெதிர் ஸ்டூல்." மேபல் ஒரு குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், அதில் ஒன்றுமில்லை. "பொறவு ஊர்ல பொண்ணு பாத்துட்டாங்கன்னு போனாரு. ஒரு லெட்டர் எழுதி வச்சுட்டுப் போயிருக்கலாம், எழுதல. அதுக்கு மேலயும் இருக்கு. நீங்க கேட்டா சொல்லுவேன். கேக்கணுமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

பருவதம் மேபலின் கைகளைப் பார்த்தாள். நரைத்த மயிருள்ள, மருந்தில் வெந்து வெந்து வெளுத்துப்போன கைகள். அந்தக் கைகள் அழகாக இருந்திருந்தால் வெறுக்க லேசாக இருந்திருக்கும். சாவியை மேசையில் வைத்தாள்.

"பின்சந்துல குழாய்த் தண்ணி காலையில மட்டுந்தான் வரும். பிடிச்சு வெச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் தெருவே சேர்ந்து வீடு மாற்றியது. பெட்டிகளை அன்வர் தூக்கினார், தான் தூக்குவதை எல்லாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே. பின்சந்துக்குப் போகத் தெருக்கோடி வரைக்கும் போய்ச் சுற்ற வேண்டும். மேபல் நடக்கிற அந்தப் பத்து நிமிடம் தெருவில் யாருக்கும் காவல் இல்லை. மருமகள்கள் மாமனார்களின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்வரிடமிருந்து ஜமீலா பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

பருவதம் சமையலறையில் இருந்தாள். கூடத்தில் பேப்பர் கீழே விழுகிற சத்தம் கேட்டது. அவள் கூப்பிடாமல், யாரும் கையைப் பிடிக்காமல், செங்கோடன் நிலைப்படியைத் தாண்டி வந்தார், பழகின வீட்டுக்கு வருகிறவர் போல வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மேபல்," என்றார்.

தயிர்ப் பாத்திரங்கள் அலமாரியில் வரிசையாக, மூடியில் பொட்டோடு, கெட்டியாக உறைந்திருந்தன. கடைசி முறை. பருவதம் அடுப்பைத் தணித்தாள்.

"ம். சொல்லுங்க," என்றாள்.

மூன்று வருடமாகப் பதில் வராத இடத்திலிருந்து பதில் வந்ததில் அவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் வாடியது.

"பருவதத்துக்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல மேபல்."

"என்னன்னு சொல்லணும்?"

"அவ நல்ல பொண்ணு. ஒரு தப்பும் பண்ணல. தினமும் சொல்லணும்னு வாயெடுக்கிறேன், அவ பாட்டுக்குச் சோத்தைப் போட்டுக் குனிஞ்சு நிக்கிறா..." கையைப் பிசைந்தார். "நான் உன்கிட்ட..."

சுவருக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் திறந்தது. பெட்டி ஒன்றைத் தரையில் வைக்கிற சத்தம், உள்ளே கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்கிற சத்தம். அலமாரியில் முதல் பாத்திரத்தின் தயிர் லேசாக அலுங்கியது. செங்கோடன் ஒருமுறை கண்ணைக் கொட்டினார்.

"பருவதம்," என்றார். சுற்றிப் பார்த்தார். எந்த இடம் என்று தெரிந்தது, அங்கேயும் தான் தானாகவே இருப்பது தெரிந்தது. நடுங்கிக்கொண்டிருந்த ஒருவர் போர்வைக்குள் வந்ததுபோல அவர் தோள்கள் இறங்கின. "நான் இங்க இருக்கேன். சமையலறையில இருக்கேன்."

"ஆமாங்க."

"காபி இருக்கா?"

அவள் டிகாஷனைச் சூடாக்கினாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள். "என்கிட்ட ஏதாச்சும் சொல்லணும்னு இருந்தீங்களா? இப்ப இல்ல. கல்யாணம் ஆன புதுசுல."

 திரும்பினாள். நான்கு வருடமாக அந்த முகத்தை அவள் பார்த்து வந்திருக்கிறாள்: பசித்தால் பசி, பயந்தால் பயம், மறைக்க ஒரு துணிகூட இல்லாத முகம். இப்போது அந்த முகம் சுவரைப் பார்த்தது, சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தத்தைக் கேட்டது, அவள் கண்களுக்குத் திரும்பி வந்தது. வருகிற வழியிலேயே, எங்கிருந்தோ ஒரு திரை, மெதுவாக, மடிப்புக் கலையாமல், கீழே இறங்கியது. காது மடல்கள் மட்டும் சிவந்தன.

"ஒண்ணுமில்லையே," என்றார் செங்கோடன். "என்ன சொல்லணும்? ஏன் கேக்குற?"

பொய். பச்சைப் பொய். பருவதம் கையில் கரண்டியோடு நின்று, அந்தப் பொய்யை மேலும் கீழுமாகப் பார்த்தாள். இதற்கு எத்தனை வேண்டியிருக்கிறது: நடந்தது நினைவிருக்க வேண்டும், எதிரில் நிற்பவள் யாரென்று தெரிய வேண்டும், சொன்னால் அவளுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிய வேண்டும், வலிக்காமல் இருக்கட்டும் என்று ஒரு நினைப்பும் வேண்டும். பாதி ஆளால் முடிகிற காரியமில்லை. முழுசாக ஓர் ஆள் வேண்டும். அவள் கேட்டது கிடைத்துவிட்டது.

"சும்மாதான் கேட்டேன்," என்று அவளும் சொன்னாள்.

மூன்று டம்ளர்களை எடுத்து வைத்தாள். ஒன்றை அவர் கையில் கொடுத்தாள், ஒன்றைத் தனக்கென்று மூடி வைத்தாள். மேபல் காபிக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்வாள் என்பது தெருவுக்கே தெரியும். மூன்றாவது டம்ளரை முந்தானையால் பிடித்துக்கொண்டு பின்சந்தில் இறங்கி நடந்தபோது, அதில் சர்க்கரையே போடவில்லை என்பது பருவதத்துக்கு நன்றாக நினைவிருந்தது.